ஃபுளோர் டிராப்பில் சாக்கடை நாற்றம்: தண்ணீர் எங்கே போனது?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பியதிலிருந்து குளியலறையில் சாக்கடை நாற்றம். மேல்வீட்டில் தண்ணீர் திறந்துவிட்டால், தரையில் தண்ணீர் வடியும் துளையான ஃபுளோர் டிராப் ‘களக் களக்’ என்கிறது. வாராவாரம் அடைப்பு நீக்கும் மருந்து ஊற்றியும் பலனில்லை. துளையை டேப் ஒட்டி மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். மருந்தையும் நிறுத்துங்கள். தண்ணீர் தங்குதடையின்றி இறங்குகிறது என்றால் கரைக்க அங்கே அடைப்பே இல்லை. அதோடு, அமில மருந்து ஊற்றிய துளையில் யாராவது பிளீச் ஊற்றிவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது ஆபத்து.

மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சுமார் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள அந்தத் தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே உள்ள ஒரே கதவு. ஒரு மாதம் யாரும் புழங்காவிட்டால் அது ஆவியாகிப் போகும். எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு ஓடினால், குழாயில் உள்ள காற்றை ஃபேனே வீட்டுக்குள் இழுத்துவிடும்.

இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. 2003ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. குளியலறைத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே வந்ததால் டிராப்புகள் வறண்டிருந்தன. ஃபேன் ஓடியபோது கிருமி கலந்த நீர்த்துளிகள் குழாய் வழியே வீடுகளுக்குள் வந்திருக்கலாம் என்று அங்கு நடந்த ஆய்வு சொன்னது.

இனி அந்தச் சத்தம். மேல்மாடியிலிருந்து மொத்தமாக இறங்கும் தண்ணீர் தனக்குக் கீழே உள்ள காற்றைத் தள்ளும், மேலே உள்ள காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் உங்கள் டிராப் தண்ணீர் போய்விடாமல் இருக்கத்தான் கூரை வரை வென்ட் பைப் போகிறது. வேண்டிய காற்று அதன் வழியே வந்துவிடும். வென்ட் அடைபட்டால், குழாய் உங்கள் டிராப் வழியே மூச்சு வாங்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தமாக இருக்கலாம். செங்குத்துக் குழாயின் அடியில் அடைப்பு இருந்தாலும் இப்படிக் கேட்கும். ஆனால் அப்போது தண்ணீர் குமிழியிட்டு மேலே எழும்பும்.

எது என்று நீங்களே பார்த்துவிடலாம். முதலில் டிராப்பில் சிக்கிய முடியை எடுத்துவிடுங்கள். விளிம்பைத் தாண்டித் தொங்கும் முடிக்கற்றை, திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம் இறக்கிவிடும்; பலர் கவனிக்காத காரணம் இது. மூடிக்கு அடியில் கழற்றக்கூடிய உள்பகுதி இருந்தால் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் சில டிராப்புகளில் தண்ணீர் இருந்தும் பயனில்லை. பிறகு அரை வாளித் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் போனில் படமெடுங்கள். இரவு முழுக்கக் குளியலறையைப் பயன்படுத்தாமல் காலையில் மறுபடி பாருங்கள்.

மட்டம் அப்படியே இருந்து நாற்றமும் போய்விட்டால் ஆவியானதுதான் காரணம். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். மட்டம் இறங்கியிருந்தாலோ, மேல்வீட்டில் தண்ணீர் விடும் நேரத்தில் குமிழியிட்டாலோ, நேரம் குறித்து வீடியோ எடுத்து நகர மன்றத்தில் புகார் கொடுங்கள். பல வீடுகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாயைக் கவனிப்பது அவர்கள் வேலை.

மேல்வீட்டில் யாரும் தண்ணீர் விடாதபோதும் மட்டம் இறங்கினால் டிராப்பிலேயே விரிசல் இருக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். உங்கள் டிராப்பின் குழாய் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரைக்கு அடியில் ஓடும் என்பதால், பிளம்பர் வருவதற்கு முன்பே கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.