கீபோர்டுக்குள் இயங்கும் மென்பொருளான க்யூஎம்கே-யில், மற்ற கீகளில் லைட் எஃபெக்ட் ஓடும்போதே கேப்ஸ் லாக் கீயை மட்டும் சிவப்பாக்குவது எப்படி?

எஃபெக்டைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு கீயின் எல்இடியையும் தனித்தனியாக இயக்கும் ஆர்ஜிபி மேட்ரிக்ஸ் வசதியில், எஃபெக்ட் தன் நிறங்களைப் போட்டபின் ‘இண்டிகேட்டர்ஸ்’ ஃபங்ஷன் அழைக்கப்படும். அதை உங்கள் கீமேப் ஃபைலில் (எந்தக் கீ என்ன செய்யும் என்று சொல்லும் கோடு ஃபைல்) எழுதி, கேப்ஸ் லாக் ஆனில் இருந்தால் அந்த எல்இடிக்கு மட்டும் சிவப்பு கொடுங்கள். கடைசியாகப் பூசிய நிறமே தெரியும்.

பலரும் தடுமாறுவது எல்இடி எண்ணில்தான். கீயின் வரிசை, நெடுவரிசை எண் வேறு, எல்இடி எண் வேறு. ஊகிக்காதீர்கள், உங்கள் கீபோர்டின் எல்இடி கான்ஃபிக் அட்டவணையில் பார்த்து எடுங்கள்.

சிவப்புக்கு நேரடியாக உச்ச அளவான 255 கொடுத்தால், நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் அந்தக் கீ மட்டும் கண்ணைக் கூசவைக்கும். இருட்டில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. தற்போதைய பிரைட்னஸ் மதிப்பை வாங்கி, அதையே சிவப்பின் அளவாகக் கொடுங்கள்.

கீபோர்டுக்கு அடியில் மட்டும் எல்இடி பட்டை இருந்தால் அது ஆர்ஜிபி மேட்ரிக்ஸ் அல்லாமல், ஆர்ஜிபி லைட்டிங் என்ற வேறு வசதியாக இருக்கலாம். அதற்கு லைட்டிங் லேயர்ஸ் என்ற தனி முறை உண்டு.