குரல் அடைத்து 5 வாரம், கிளினிக் திகதியோ அடுத்த மாதம்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சுருட்டுப் பிடிப்பவர். 5 வாரமாகக் குரல் கரகரத்துக் கிடக்கிறது. காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள், திகதி அடுத்த மாதம்தான் கிடைத்தது. அதுவரை தூதுவளைக் கசாயம் கொடுத்துச் சமாளிக்கலாமா?
(ஒரு வாசகர், சாவகச்சேரி)

பதில்: கசாயம் குடிக்கட்டும் தம்பி, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். தடிமனோடு வரும் குரலடைப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் விட்டுவிடும். அதைத் தாண்டினால், அதுவும் சுருட்டுக்காரருக்கு, குரல் நாணை நேரே பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் காட்டுவது இந்தக் கரகரப்பைத்தான்.

அந்தக் கடிதத்தை ஒருக்கால் விரித்துப் பாருங்கள். "தொண்டை நோ" என்று மட்டும் இருந்தால் அது சாதாரண வரிசைக்குத்தான் போகும். எழுதிய டொக்டரிடமே திரும்பப் போய், எத்தனை வாரம், எத்தனை வருடச் சுருட்டு, விழுங்கக் கஷ்டமா, மெலிந்தாரா, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் எழுதி, 'அவசரம்' என்று போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பிறகு அதைக் கிளினிக்கில் காட்டித் திகதியை முன்னுக்கு எடுக்கலாம்.

பரிசோதனைக்கு அப்பா பயப்படுவார். மூக்கை விறைக்கப் பண்ணி, மெல்லிய கமரா குழாயை விடுவார்கள், சில நிமிட வேலை.

மூச்சு இழுபட்டுச் சத்தம் வந்தால் திகதியும் வேண்டாம் கடிதமும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சுருட்டை இன்றைக்கே ஒளித்து வையுங்கள், ஏச்சு விழும்தான்.