மொரிஸ் மைனர் காரில் சூடான காம் (வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து வலு கூட்டும் காம் தண்டு) போட்டால் பழைய வால்வு ஸ்பிரிங்கும் டப்பெட்டும் போதுமா?

போதாது தம்பி. டப்பெட்டை, அதாவது காமின் மேல் அமர்ந்து அதன் தூக்கலை வால்வுப் பக்கம் கடத்தும் துண்டை, மாற்றியே ஆகவேண்டும்: பழைய டப்பெட்டின் அடிமுகம் பழைய காமோடு தேய்ந்து பழகியது. புதுக் காமில் வைத்தால் காமின் மூக்கையே (வால்வைத் தூக்கும் மேட்டையே) தின்றுவிடும். காம் புதிது என்றால் டப்பெட்டும் புதிது.

ஸ்பிரிங்தான் கணக்குப் பார்க்க வேண்டிய இடம். இந்த 1098 சிசி எஞ்சினில் காமின் உயர்வை ரொக்கர் என்ற நெம்புகோல் பெருக்கித்தான் வால்வைத் திறக்கிறது. காம் 6.5 மி.மீ. தூக்கினால், 1.25 விகித ரொக்கரில் வால்வு சுமார் 8.1 மி.மீ. திறக்கும், 1.5 போட்டால் 9.75. (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டப்பெட் இடைவெளி இதில் கொஞ்சம் குறைக்கும்.) அந்த முழுத் திறப்பிலும் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று முட்டாமல் 1.5 மி.மீ. மிஞ்சவேண்டும். முட்டினால் டப்பெட்டுக்கும் ரொக்கருக்கும் நடுவே உள்ள கம்பியான புஷ்ரொட் வளையும். எக்ஸோஸ்ட் வால்வு புளொக்கின் விளிம்பில் இடிக்கிறதா என்றும், அங்கே கொஞ்சம் களிமண் வைத்து அது நசுங்குகிறதா என்று பாருங்கள்.

அதற்காகக் கிடைப்பதில் மிகக் கடினமான ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். அது காமைத்தான் அரைக்கும். காம் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கையே எடுங்கள். பாகங்களைக் கொழும்பில் பாதி, இங்கிலாந்திலிருந்து வரும் மாமாவிடம் பாதி என்று சேர்ப்பதுதான் இங்கே வழக்கமான வில்லங்கம்.

யாழ்ப்பாணத்துக்குள் ஓட்ட மிதமான காமும் பழைய 1.25 ரொக்கருமே என் தெரிவு. 1.5 ரொக்கர் ஏ9 வீதியில் இனிக்கும், ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் அல்ல.

புதுக் காமும் டப்பெட்டும் பழக, முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் (மெது ஓட்டத்தில்) விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் ஓடவிடுங்கள்.