வீட்டுப் பேக்கப்புக்கு எந்த ஹார்டு டிஸ்க்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இருபது வருட குடும்பப் புகைப்படங்களைப் பத்திரப்படுத்த ஒரு ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டும். சீக்கிரம் கெட்டுப் போகாத கம்பெனி எது? (மதுரை)

கெட்டே போகாத கம்பெனி என்று ஒன்று கிடையாது. தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்கை இப்போது தயாரிப்பவர்களே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் பிரிவை 2011-ல் சீகேட் வாங்கிவிட்டது. ஹிட்டாச்சியுடையதை 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. வேறு பெயர் அச்சடித்த டப்பாவை வாங்கினாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்றுதான்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை பழுதாயிற்று என்று தொடர்ந்து வெளியிடுகிறது. பலரும் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் "இதை வாங்கு, அதை வாங்காதே" என்கிறார்கள். அவை டேட்டா சென்டரில் ராப்பகலாக ஓடும் 3.5 அங்குல டிஸ்க்குகள். உங்கள் கைப்பையில் போகும் 2.5 அங்குல போர்ட்டபிளின் ஆயுளை அதை வைத்துக் கணிக்க முடியாது.

ஆகவே எதை வாங்குவது என்பதைவிட எத்தனை வாங்குவது என்பதுதான் முக்கியம். 4 டி.பி. ஒன்று வாங்க நினைத்திருந்தால், அதற்குப் பதிலாக 2 டி.பி. இரண்டு வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியாக. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு எடுத்தால், ஒரே லாட்டில் வந்த குறை இரண்டிலும் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று அக்கா வீட்டிலோ அலுவலக மேசையிலோ. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி நாளில் ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க் வைத்திருந்தும் பயன் இல்லை.

வாரன்ட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று வருடத்துக்குள் பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள். உள்ளே இருந்த படங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

கேள்வி: 2 டி.பி. என்று பெட்டியில் போட்டிருக்கிறது, லேப்டாப்பில் 1.81 டி.பி. என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கரூர்)

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. 1 டி.பி. என்றால் 931 ஜி.பி. காட்டும். மேக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள், ஏறக்குறைய 2 என்றே காட்டும்.

கேள்வி: ஆன்லைனில் 16 டி.பி. எஸ்.எஸ்.டி. 1,899 ரூபாய்க்கு வருகிறது. நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்; இது அதுவே இல்லை. அந்த உலோக டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சின்ன சர்க்யூட் பலகையும், அதில் பசை போட்டு ஒட்டிய ஒன்றிரண்டு மெமரி கார்டும்தான் இருக்கும். 16 டி.பி. என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது 64 ஜி.பி. கார்டு என்றால் அதுவரை ஒழுங்காக ஏறும். அதற்குமேல் போடுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கேயும் எழுதப்படாமல் போகும். கொடுமை என்னவென்றால் ஃபைல் பெயர்கள் எல்லாம் அப்படியே தெரியும். திறந்தால்தான் படம் வராது. நட்சத்திரம் போட்டவர்கள் வாங்கிய அன்று நான்கு பாட்டு ஏற்றிப் பார்த்தவர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். அது காலி இடம் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 அதே வேலையைச் செய்யும். பண்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி: பேக்கப் எடுத்து பீரோவில் பூட்டி வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. நல்லதா, சாதா ஹார்டு டிஸ்க்கா? (நாகர்கோவில்)

பூட்டி வைப்பதற்கு ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி.யில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, ஆயுள் முழுவதும் எழுதக்கூடிய அளவு தீர்ந்துபோன ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைக் காத்தால் போதும். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனாலும் மூன்று வருடம் மறந்து போட்டுவைக்கும் பொருள் இல்லை அது. எஸ்.எஸ்.டி.யின் பலம் வேறு: கீழே விழுந்தாலும் பிழைக்கும், வேகம் அதிகம். தினமும் பையில் தூக்கிக்கொண்டு போகிறவர் அதை வாங்கட்டும்.

உங்கள் ஊர் கடலோரம். டிஸ்க்கை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் செருகாமல் அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகிச் சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: புது டிஸ்க்கில் 300 ஜி.பி. ஏற்றும்போது 110 எம்.பி. வேகம் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் 15 எம்.பி.க்கு இறங்கிவிட்டது. டிஸ்க் போய்விட்டதா? (கோயம்புத்தூர்)

போகவில்லை, அதன் அமைப்பே அப்படி. இன்று விற்கும் 2.5 அங்குல போர்ட்டபிள்களில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். வகை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வோர் ஓடும் அடுத்ததன்மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதேபோல இதில் எழுத்துத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கின்றன. இடம் மிச்சம், அதனால் விலையும் குறைவு. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதை அடுத்த வரிசைகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டுமல்லவா? டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது: ஒரு துண்டைத் திருத்த, பக்கத்துத் தடங்களையும் சேர்த்துப் படித்துத் திரும்ப எழுதுகிறது. முதல் தடவை வெற்று டிஸ்க்கில் வரிசையாக எழுதியபோது இந்தத் தொல்லை இல்லை. அழித்து எழுதும்போது வருகிறது.

வந்ததைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதி உண்டு. அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்காதீர்கள். காப்பி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் செருகியே விட்டால், சும்மா இருக்கும்போது அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். மெல்லிய உறுமல் கேட்கும், பயம் வேண்டாம். மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க இந்த வகை தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங், டாரண்ட் இரண்டுக்கும் ஆகாது. சில மாடல்களில் இந்த விவரத்தைச் சொல்லாமல் விற்றது 2020-ல் வெளியே வந்து மூன்று கம்பெனிகளும் வாங்கிக் கட்டிக்கொண்டன. இப்போது அவர்கள் தளங்களில் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பல மாடல்களுக்குத் தெரிந்துகொள்ளலாம்.

வேகக் குறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அகன்ற, இரட்டை முனையுள்ள கேபிள் தொலைந்துபோய் பழைய செல்போன் சார்ஜர் கேபிளைச் செருகியிருந்தீர்களா? துளையின் பெரிய பாதியில் அது சரியாகப் பொருந்தும், டிஸ்க்கும் ஓடும். ஆனால் யு.எஸ்.பி. 2 வேகம்தான் வரும், 35 முதல் 40 எம்.பி.

கேள்வி: கல்யாண வீடியோ 7 ஜி.பி. டிஸ்க்கில் 900 ஜி.பி. காலி இருந்தும் "ஃபைல் மிகப் பெரியது" என்கிறது. (திருச்சி)

டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள். வீட்டில் விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். மேக்கும் உண்டு என்றால் எக்ஸ்ஃபேட். ஏனென்றால் மேக் என்.டி.எஃப்.எஸ்.ஸைப் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை: பாதியில் கேபிள் கழன்றால் என்.டி.எஃப்.எஸ். அளவுக்குச் சமாளிக்காது. "எஜெக்ட்" கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கேள்வி: டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சேலம்)

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நீண்ட பட்டியல் வரும். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தகவல் எழுதும் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்கத் திணறி, முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 கைவிடப்பட்டவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-ல் எண் ஏறினால் அன்றே உள்ளிருப்பதைக் காப்பி எடுத்துவிட வேண்டும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடக்கூடாது. சி7 மட்டும் ஏறினால் பழி பெரும்பாலும் டிஸ்க்கின்மேல் இல்லை, கேபிள், இணைப்புப் பக்கம் பாருங்கள்.

"ரா வேல்யூ" என்ற கடைசிப் பத்தி பதினாறடிமான எண்ணில் வரும். அங்கே 10 என்று இருந்தால் 16 என்று பொருள். மெனுவில் அதைப் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் ராட்சச எண்கள் தெரியும். அது இயல்பு, அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம்.

புதிது வாங்கியதும் செய்ய வேண்டியது: முதலில் "ஓடிய மணி நேரம்" வரியைப் பாருங்கள். புத்தம் புதிது என்று கொடுத்ததில் பல நூறு மணி காட்டினால் பழையதைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். பிறகு "குயிக் ஃபார்மேட்" டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். அது ஒவ்வொரு செக்டரிலும் எழுதிப் பார்க்கும். 2 டி.பி.க்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் மறுபடி அந்த மூன்று வரிகள். அப்போதும் பூஜ்யமாக இருந்தால் படங்களை ஏற்றுங்கள்.

கேள்வி: செருகினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோர்த்து, மிச்சம் இருந்ததும் போகும். முதலில் வேறு கேபிள்; டெஸ்க்டாப் என்றால் முன்பக்க யு.எஸ்.பி.யை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். மின்சாரம் போதாமலும் இதே சத்தம் வரும். அப்படியும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் படிக்கும் ஹெட் போய்விட்டது. உடனே கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை செருகும்போதும் ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும். திறந்தும் பார்க்கக் கூடாது: ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சில நானோமீட்டர் இடைவெளிதான், ஒரு தூசி அதற்குப் பாறாங்கல். மீட்டுத் தரும் நிறுவனத்திடம் கொடுக்கும்போது "படம் கிடைத்தால்தான் பணம்" என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பல போர்ட்டபிள்களில் யு.எஸ்.பி. துளை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். துளை ஆடிப்போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு டப்பாவில் போட முடியாது. கேபிளை மேலும் கீழும் ஆட்டிப் பிடுங்காமல் நேராக இழுங்கள்.

கேள்வி: எப்போதும் செருகியே வைத்துத் தானாக பேக்கப் ஆகும்படி விடலாமா? (புதுச்சேரி)

ஒன்றை அப்படி விடலாம். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின். இரண்டாவது கழற்றித்தான் இருக்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி மின்னலும் அப்படித்தான். மாதம் முதல் ஞாயிறு செருகி, ஏற்றி, கழற்றி வையுங்கள். போனில் இருக்கும் வாட்ஸ்அப் படங்களைப் பலர் மறக்கிறார்கள்: புதிய ஆண்ட்ராய்டு போன்களில் அவை "ஆண்ட்ராய்டு" ஃபோல்டருக்குள் "மீடியா"வில் இருக்கும்.

கேள்வி: டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போடலாமா? (வேலூர்)

பத்திரம், ஆதார், வங்கிக் காகிதம் இருந்தால் போடுங்கள். விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி 48 இலக்க மீட்பு எண் ஒன்று தரும். அதைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள், அதே டிஸ்க்கில் அல்ல. விண்டோஸ் ஹோம் பதிப்பில் புதிதாகப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும். அந்தப் பதிப்பு வைத்திருப்பவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். வெறும் குடும்பப் படங்கள் என்றால் பூட்டாமல் விடுவதே நல்லது. நீங்கள் இல்லாத ஒருநாள் பிள்ளைகள் திறக்க வேண்டுமே.

கேள்வி: பேக்கப் டிஸ்க்கை டி.வி.யில் செருகிப் படம் பார்க்கலாமா? (விருதுநகர்)

பார்க்கலாம், ரிமோட்டில் ரெக்கார்டு பட்டனைத் தொடாத வரை. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதியுள்ள டி.வி.கள் முதலில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், வீட்டில் யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள். படம் பார்க்க 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.