வாசகர் கேள்வி – பதில்: களத்திலிருந்து தூரிகைக்கு

கேள்வி: என் மகன் பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறான், ஓய்வு கிடைத்தால் படம் வரைகிறான். இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். விளையாட்டு வீரராக இருந்து சிறந்த ஓவியரானவர் எவரேனும் உண்டா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: உண்டு, அம்மா. அமெரிக்கரான எர்னி பார்ன்ஸின் வாழ்க்கையை உங்கள் உறவினர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். 1938ஆம் ஆண்டு வட கரோலினாவின் டர்ஹம் நகரில் பிறந்த அவர், தம் தாயார் வேலை பார்த்த வழக்கறிஞரின் வீட்டிலிருந்த ஓவிய நூல்களைப் புரட்டியே பழைய ஐரோப்பிய மேதைகளை அறிந்துகொண்டார். பருத்த உடலும் கூச்சமும் உள்ள பிள்ளை என்பதால் சக மாணவரின் கேலிக்கு ஆளாகி, படம் வரையும் ஏட்டுடன் ஒதுங்கியிருந்த அவரை ஆசிரியர் ஒருவர் உடற்பயிற்சியின்பால் திருப்பினார். பள்ளிப் படிப்பு முடியும்போது அவர் ரக்பியை ஒத்த அமெரிக்கக் கால்பந்தில் அணித்தலைவர். 26 கல்லூரிகள் உதவித்தொகை தர முன்வந்தன.

உள்ளூர்க் கல்லூரியில் அவர் ஓவியம் பயின்றபோது, சிற்பியான ஆசிரியர் எட் வில்சன், ஆடும்போது தன் உடலுக்குள் நிகழ்வதைக் கூர்ந்து கவனிக்குமாறு அறிவுறுத்தினார். பார்ன்ஸின் கலைக்கு வித்து அதுவே என்பது என் உறுதியான எண்ணம். அவருடைய மனிதர்களின் நீண்ட கைகால்களும், வளைந்த முதுகெலும்பும், முறுக்கேறிய கழுத்தும், பந்தை ஏந்தி ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசையில் நின்று மோதலின் பாரத்தைத் தன் தோளில் தாங்கிய ஒருவருக்கே கைவரக்கூடியவை. ஆகவே உங்கள் மகன் எதையும் இப்போது விட வேண்டியதில்லை.

1959ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதலில் அவரைத் தெரிவுசெய்த வாஷிங்டன் அணி, அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் கைவிட்டது. பின்னர் பால்டிமோர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1963இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் வென்ற இந்திய வம்சாவளியினரான பப்வா சேவ்கோலம், நிறவெறிச் சட்டங்களால் மன்றக் கட்டடத்துக்குள் நுழைய இயலாமல் வெளியே மழையில் நின்று பரிசு பெற்றதை அறிந்த டர்பன்வாசிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அவர் ஆட்டத்தை விட்டது எப்போது? ஓவியத்தை நம்பி வாழ முடிந்ததா?
— ஒரு வாசகர், மெரபேங்க்

பதில்: 1960 முதல் 1964 வரை நியூயார்க், சான் டியாகோ, டென்வர் அணிகளுக்கு ஆடினார். அணிக்கூட்டங்களில் படம் வரைந்ததற்காக அபராதம் கட்டிய அவரைச் சக வீரர்கள், டச்சு ஓவிய மேதையின் பெயரால் 'பெரிய ரெம்பிராண்ட்' என்று அழைத்தனர். 1965இல் கனடாவில் ஆடுகையில் கால் எலும்பு முறிந்ததோடு ஆட்ட வாழ்க்கை முடிவுற்றது. அப்போது நியூயார்க் ஜெட்ஸ் அணியின் உரிமையாளர் சன்னி வெர்ப்லின், ஓர் ஆட்டப் பருவத்துக்குரிய 15,000 டாலர் ஊதியத்தை அளித்து, ஆடுவதற்குப் பதிலாக ஓவியம் தீட்டுமாறு கேட்டுக்கொண்டார். 1966இல் நியூயார்க்கில் நடந்த அவரது முதல் தனிக் கண்காட்சியில் படங்கள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 1984ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் அதிகாரபூர்வ விளையாட்டு ஓவியராகப் பணியாற்றினார். ஒருவரின் திறமையை இனங்கண்டு, உரிய வேளையில் பொருளுதவி செய்வோர் நம் சமூகத்திலும் பெருக வேண்டும்.

கேள்வி: அவர் வரைந்தவர்கள் ஏன் கண்களை மூடியிருக்கிறார்கள்?
— ஒரு மாணவி, டொங்காட்

பதில்: மனிதர் ஒருவர் மற்றவரின் மனிதத்தைக் காணாத குருடர்களாக இருக்கிறோம் என்பது பார்ன்ஸ் தந்த விளக்கம். அதற்கு அவருடைய வாழ்விலேயே காரணம் இருந்தது. மாணவப் பருவத்தில் வட கரோலினா அருங்காட்சியகத்துக்குச் சென்ற அவர், கறுப்பினத்தவரின் ஓவியங்கள் எங்கே என்று வினவியபோது, அந்த மக்கள் அவ்விதமாகத் தம்மை வெளிப்படுத்துவதில்லை என்று வழிகாட்டி பதிலளித்தார். 1979இல் அதே அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது.

நெரிசலான அரங்கில் கறுப்பின மக்கள் மெய்ம்மறந்து ஆடுவதைக் காட்டும் 'தி சுகர் ஷாக்' ஓவியத்தை முதலில் பாருங்கள். அவர் காலமாகி 13 ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில், அதிகபட்சமாக 2 இலட்சம் டாலருக்குப் போகும் என்று மதிப்பிடப்பட்ட, அவரே தீட்டிய அதன் ஒரு வடிவம், 1.53 கோடி டாலருக்கு ஏலம் போனது. விலையைக் காட்டிலும், அந்த ஆடுவோரின் முதுகும் தோளும் வளையும் விதத்தைக் கூர்ந்து பாருங்கள். களத்தில் ஆடிய காலத்தில் அவர் கற்றது அங்கே தெரியும்.