காசநோய் மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் விடாவிட்டால் வேறு நோயாக இருக்குமா?

மாமனாருக்குக் காசநோய் மருந்து தொடங்கி 6 வாரமாகியும் மாலைக் காய்ச்சல் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு நோயாக இருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது; காசநோய் என்று நினைத்தது கடைசியில் மெலியாய்டோசிஸ் என்ற நோய்.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் நெல். அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்தக் காலோடுதான் ஆடி மழையில் சேற்றில் இறங்கினார். புரட்டாசிக்குள் இருமல், காய்ச்சல், 9 கிலோ எடை போய்விட்டது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயை வைத்து மருந்து தொடங்கினார்கள். வீட்டில் அவருக்குத் தனி டம்ளர். யாரும் சொல்லாமலே அதைத் தானே கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைப்பார்.

2 மாதம் கழித்து ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. சீழைக் கல்ச்சர் செய்த, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த ஆய்வுக்கூடம், "சூடோமோனாஸ் என்ற கிருமி, வெளியிலிருந்து கலந்திருக்கலாம்" என்று முடித்துவிட்டது. அடுத்த மருத்துவமனையில் நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர், இளம்பெண், அதை நம்பவில்லை. ஜென்டாமைசின், கோலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அசையாத கிருமி அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற மருந்துக்கு அடங்குவது, வழக்கமான சூடோமோனாஸுக்கு மாறாக இருந்ததால், அவருக்கு உறுத்தியிருக்கிறது. வார்டுக்கே வந்து, "அப்பா வயலில் இறங்குவாரா?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

அப்படித்தான் மெலியாய்டோசிஸ் என்று தெரிந்தது. 1912இல் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் பர்மாவின் ரங்கூன் நோயாளிகளிடம் கண்டு எழுதிய நோய் இது. கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது, காயம் வழியே ஏறும், சர்க்கரை உள்ளவர்களையே அதிகம் பிடிக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே தோன்றும். 14 நாள் மெரோபெனம் ஊசி, பிறகு 3 மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை. அப்பா பிழைத்தார்.

காசநோய் மருந்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்தாதீர்கள். காசநோயும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீழ் எடுக்கும் முன் அம்மா கையெழுத்திட்ட படிவம் முழுக்க மலையாளம். தமிழ்வழிப் பள்ளிகளே இருக்கிற தாலுகா இது. ஒரு தாள் தமிழில் அச்சடிக்க முடியாதா? என்னவென்று தெரியாமல், "ஆளைக் காப்பாற்றினால் போதும்" என்று போட்டுக் கொடுத்தாள்.

உங்கள் மாமனாருக்கு இரத்தமும் சளியும் கல்ச்சருக்குப் போனதா? மெலியாய்டோசிஸ் சந்தேகம் என்று சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் அதைத் தேடுவார்கள். அவருக்குச் சர்க்கரை உண்டா, என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.