போதைப் பழக்கத்தோடு தெருவில் வாழ்பவர்களைப் புகைப்படத் தொடராக எடுக்க நினைக்கிறேன். முகத்தை மறைத்துவிட்டால் போதுமா?

போதாது. இதை நான் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன், வடசென்னையில் ஒரு பாலத்துக்கு அடியில் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள் சிலரோடு பழக்கமானது. அதில் ஒருவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன், இருபத்திரண்டு வயது இருக்கும். பாட்டில் மூடியில் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, தண்ணீர் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துச் சொட்டுச் சொட்டாக விடுவான். அவ்வளவு பொறுமை. படம் எடுக்கட்டுமா என்றேன், எடுத்துக்கோண்ணா என்றான். கழுத்துக்கு மேல் வராமல் கவனமாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். நானூறு லைக் வந்தது.

முகத்தை வெட்டிய நான் கையை மறந்துவிட்டேன். முழங்கைக்குக் கீழே அம்மா பெயரைப் பச்சை குத்தியிருந்தான், கடைசி எழுத்து மட்டும் கோணலாக. அந்தக் கோணல் எழுத்து மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றே நாளில் வேலை போனது. அப்புறம் பார்த்தபோது அவன் சண்டைகூடப் போடவில்லை. "அந்தப் படத்துல எவ்ளோ துட்டு வந்துச்சுண்ணா?" என்று கேட்டான். ஒன்றும் வரவில்லை என்றேன். அவன் நம்பவில்லை.

ஊசி ஏறுகிற படத்தை எடுக்க ஒரு மத்தியானம் போதும். அதனால்தான் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காகப் புகைப்படக்காரர் பில் எப்ரிட்ஜ் நியூயார்க்கில் ஹெராயின் பழக்கமுள்ள ஒரு இளம் ஜோடியின் கூடவே திரிந்தார். இடம் 71-வது தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் பகுதி, 'ஊசிப் பூங்கா' என்றே அதற்குப் பெயர். அவர்களோடு எந்த அளவுக்குக் கலந்துபோனார் என்றால், கேமராவைத் திருடிக்கொண்டு போகும் போதை ஆசாமி என்று நினைத்து போலீஸே அவரைப் பிடித்திருக்கிறது. ஊசிப் படங்கள் அந்தத் தொடரிலும் உண்டு. எனக்கு மனதில் நிற்பது வேறு: அளவு மீறிப் போட்டுக்கொண்டு கிடக்கும் நண்பனை, ஓட்டல் அறையில் அந்தப் பெண் குனிந்து பார்த்துக்கொள்ளும் படம். அவளும் அதே பழக்கத்தில் இருப்பவள்தான்.

யூஜீன் ரிச்சர்ட்ஸ் என்ற புகைப்படக்காரர் 1994-ல் ஒரு புகைப்படப் புத்தகம் போட்டார். கிழக்கு நியூயார்க், ரெட் ஹுக், வட பிலடெல்பியா பகுதிகளின் கொகெய்ன் வாழ்க்கை. அட்டையில் ஒரு பெண் பற்களுக்கிடையே ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. உள்ளே பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க முகங்கள்தான், போதை என்றாலே இவர்கள்தானா என்று அப்போதே விமர்சனம் வந்தது. விமர்சனம் நியாயம் என்பது என் கட்சி. ஆனாலும் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புகைப்படக்காரர் மேரி எலன் மார்க் போன வழிதான் எனக்குப் பிடித்தது. 1983-ல் சியாட்டில் தெருவில் 'டைனி' என்ற பட்டப்பெயர் கொண்ட பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சந்தித்தவர், 2015-ல் தான் சாகும்வரை திரும்பத் திரும்பப் போய் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டைனி போதையில் விழுந்த வருடங்களும் அதில் இருக்கின்றன, பத்துப் பிள்ளைகளுக்குத் தாயாகி நிற்கும் வருடங்களும் இருக்கின்றன. முப்பது வருடம் கூடவே இருந்தால், போதை ஒரு மனுஷியின் வாழ்க்கையில் ஒரு பகுதி என்ற அளவுக்குத்தான் தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிறக்கத்தில் தலையாட்டுவது சம்மதம் இல்லை. சரக்கு கிடைக்காமல் உடம்பு நடுங்கும்போது நூறு ரூபாய்க்குச் சரி என்பதும் சம்மதம் இல்லை. வேறு வேறு நாளில் இரண்டு தடவையாவது கேளுங்கள், கேமராத் திரையில் படத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் காசு கொடுப்பதில்லை. டீ, பரோட்டா வாங்கித் தருவேன். இதுவும் ஒருவகை லஞ்சம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார், இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27-வது பிரிவின்படி, ஹெராயின் போன்றவற்றை உட்கொள்வதற்கே ஒரு வருடம்வரை சிறை உண்டு. நீங்கள் கலை என்று நினைத்து எடுக்கும் படம் அவனுக்கு எதிரான சாட்சியாகலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே 2015-ம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி குற்றம். வயதில் சந்தேகம் இருந்தால் கேமராவையே வெளியே எடுக்காதீர்கள். அப்புறம் பச்சை, தழும்பு, சட்டை, பின்னால் தெரியும் கடைப் பலகை எல்லாவற்றையும் பாருங்கள். முகத்தைவிட இவைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

என் படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். போன வருடம் ஒரு கல்லூரி வாசலில் போதை ஒழிப்பு விழிப்புணர்வு பேனர் கட்டியிருந்தார்கள். யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கோணல் எழுத்து சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.